பதினேழாவது வாய்

வரைபடத்தில் புல்வெளி பாதையை விட உயரம்.
நான்தான் மாற்றினேன்.
ஒரு சாண் கீழே இறக்குங்கள் என்றேன்.
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு
மாதையன் கேட்டார்:
"இது பூங்காவா மேடம், பள்ளமா?"
இரண்டும்தான்.

தோரணவாய் ஏரியின் வடகரை.
அறுநூறு மீட்டர் நடைபாதை.
காலையில் சர்க்கரையைக் குறைக்க வருகிறவர்கள்,
மாலையில் பொரி தின்று ஏற்றிக்கொள்கிறவர்கள்.
பாதைக்குப் பின்னால் சாலை,
சாலைக்குப் பின்னால் சேலம்,
அதற்கும் பின்னால்
எந்நேரமும் ஒரு மேகத்தைக்
கக்கத்தில் இடுக்கியபடி
சேர்வராயன் மலை.

அங்கே பெய்தால் இங்கே வர நாற்பது நிமிடம்.
தண்ணீர் வெறுங்கையோடு வராது.
மலையின் செம்மண்,
சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைத் தூள்,
பட்டறை வாசல்களின் கருப்பு எண்ணெய்,
யாரோ சப்பிப் போட்ட மல்கோவாக் கொட்டை,
ஒற்றைச் செருப்பு.
எல்லாம் நேரே ஏரிக்குள் விழ
போன திட்டத்தில் நாங்களே
குழாய் போட்டுக் கொடுத்திருந்தோம்.
திறப்பு விழாவுக்கு ரிப்பன்கூட வெட்டினார்கள்.

இந்த முறை குழாய் இல்லை.
ஓரக்கல் வரிசையில் இருபத்திரண்டு வாய்.
வாய்க்குக் கீழே கூழாங்கல்,
அப்புறம் கோரை, கல்வாழை, வெட்டிவேர்,
மணல் கலந்த மண் இரண்டடி,
கரையோரம் நீர்மருதுக் கன்றுகள்.
தண்ணீர் உள்ளே வரட்டும்.
கொஞ்சம் உட்காரட்டும்.
கொண்டுவந்ததை இறக்கி வைத்துவிட்டுப்
பொறுமையாகக் கீழே போகட்டும்.

ஒப்பந்தக்காரர் சீரங்கனுக்கு
மீட்டர் கணக்கில் கல்லுக்குக் காசு.
"இல்லாத கல்லுக்கு எப்படிம்மா பில் போடுறது?"
வெறும் இடமும் வேலைதான் சார் என்றேன்.
"அளவுப் புத்தகத்துல அதுக்குக் கட்டம் இருக்கா?"
இல்லை.

கொசு வரும் என்று மூன்று மனு.
பூச்செடி வைக்கச் சொன்ன இடத்தில்
குழி வைத்திருக்கிறார்கள் என்று ஒன்று,
தபால் துறையில் ஓய்வுபெற்ற ரத்தினசபாபதி,
பச்சை மையில்.
கொசு முட்டை பொரித்துப் பறக்க ஒரு வாரம் வேண்டும்,
இங்கே தண்ணீர் ஒரு நாளும் தங்காது என்று
பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
போட்ட இரவு எனக்கே தூக்கம் இல்லை.

ஆவணி மூன்றாம் நாள்.
ஒன்பதே காலுக்கு மலை காணாமல் போனது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஸ்கூட்டியை நிறுத்தும்போதே
சாலை பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வாய்.
எட்டிக்கூடப் பார்க்காமல்
தாண்டிப் போனது தண்ணீர்.
ஆறு மாதம், ஒன்பது கடிதம்,
எல்லாம் என் கண் முன்னால் தாண்டிப் போனது.
குனிந்து பார்த்தால்
ஒரு டீ கப் அடைத்திருக்கிறது.
காலால் தள்ளினேன்.
தண்ணீர் தலையைத் திருப்பியது.

அப்புறம் எண்ணிக்கொண்டே நடந்தேன்.
நான்கு, ஐந்து, ஆறு.
கூழாங்கல்லில் செம்மண் தங்கியது.
கல்வாழை இலைகள் அடி வாங்கிக்கொண்டு நின்றன.
பதினொன்றில் மாங்கொட்டை ஒன்று
கோரைக்குள் நுழைந்து திரும்பி வரவில்லை.
மதகுக் கொட்டகையில்
தலையில் சாக்கு மடித்துப் போட்டபடி ஓர் ஆள்.
மாதையன்.
"சும்மா வந்தேன்" என்றார்.
நானும் சும்மாதான் என்றேன்.
இருவரும் சும்மா
பதினேழு வரை நடந்தோம்.

பதினேழில் தண்ணீர் நின்றது.
வாய் திறந்திருக்கிறது, உள்ளே பள்ளம் இருக்கிறது,
நடுவில் ஒரு விரல் மேடு.
அந்த ஒரு விரலைத் தாண்டத் தெரியாமல்
பாதை முழுக்கப் பரவிக் கிடந்தது.
மாதையன் மேட்டைத் தடவிப் பார்த்தார்.
"இது சோறு தின்னுட்டு வந்து வச்ச கல்லு."

விடிந்தபோது இருபத்தொரு பள்ளத்திலும் வெறும் ஈரம்.
நேற்று தண்ணீர் இருந்த உயரத்தை
இலைகளில் செம்மண் கோடு போட்டிருந்தது.
பதினேழின் குட்டையை மட்டும்
ரத்தினசபாபதி வேட்டியைத் தூக்கிப் பிடித்துச்
சுற்றிப் போனார்.
போய்விட்டுத் திரும்பி நின்று
மற்ற பள்ளங்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்.
எதுவும் சொல்லவில்லை.
மனுவாக வரலாம்.

அளவுப் புத்தகத்தைத் திறந்தேன்.
பதினேழு: ஒரு விரல் இறக்க வேண்டும்.
கட்டம் இல்லாததால்
ஓரத்தில் எழுதினேன்.